எல்லைக் கல்லும் கள்ளுக் கடையும்

பெங்களூருக்குப் போகிறவர்கள் ஓசூரைப் பார்ப்பது வழக்கமில்லை. கடந்து போவதுதான் வழக்கம். கிருஷ்ணகிரியின் மாந்தோப்புகளும் கருங்கல் குன்றுகளும் பின்தங்கிவிட, சாலை மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. சுமார் ஐம்பது கிலோமீட்டர் போவதற்குள் காற்றில் ஒரு குளிர்ச்சி தட்டுகிறது. சந்திரசூடேசுவரர் எழுந்தருளியிருக்கும் குன்று கண்ணில் பட்டதும் ஓசூர் வந்துவிட்டது என்று அர்த்தம். லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் கைக்கடிகாரங்களும் செய்து நாடெங்கும் அனுப்புகிற ஊர் இது. வேலை மாறும் நேரத்தில் தொழிற்சாலை வாசல்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி ஆகிய நான்கு பாஷைகளும் ஒருங்கே காதில் விழும்.

நாம் இவ்வூருக்குச் சென்றது தொழிற்சாலைகளைப் பார்ப்பதற்காக அல்ல. பழைய காலத்துக் கள்ளுக் கடை ஒன்று எங்கேயாவது மிச்சமிருக்கிறதா என்று பார்க்கவே சென்றோம். "இது என்ன விபரீத ஆசை?" என்று நேயர்கள் புருவத்தை உயர்த்தக் கூடும். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்தில் 'கிரவுன்' என்று ஒரு மதுக்கடை உண்டு. 1885-ஆம் ஆண்டு வாக்கில், மாதா கோயில்களில் வேலை செய்து கொண்டிருந்த இத்தாலியக் கைவினைஞர்களைக் கொண்டே அதன் உட்புறத்தை அலங்கரித்தார்கள் என்று சொல்வார்கள். வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், சித்திர வேலைப்பாடுள்ள ஓடுகள், செதுக்கிய மரத் தூண்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. குடிப்பவர்கள் பிறர் கண்ணில் படாமல் உட்காருவதற்குக் கதவு போட்ட சிறு சிறு மர அறைகளும் உண்டு. உள்ளிருந்தபடியே பணியாளைக் கூப்பிட மணி. நெருப்புக் குச்சி உரசுவதற்குச் சுவரில் உலோகத் தகடு! 1978-இல் 'நேஷனல் டிரஸ்ட்' என்னும் பொது ஸ்தாபனம் அக்கடையை வாங்கி, அரண்மனைகளையும் கோட்டைகளையும் பாதுகாப்பது போலவே பாதுகாத்து வருகிறது. இதைப் பற்றி அறிந்தபோது, "நம் நாட்டுக் கள்ளுக் கடையின் உட்புறம் எப்படி இருந்தது? அதற்கு ஏன் ஒரு சின்னமும் இல்லை?" என்ற கேள்வி நமக்கு எழுந்தது. அக்கேள்விக்கு விடை தேட ஓசூர், கிருஷ்ணகிரிப் பிரதேசத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. ஏனெனில், சென்னை மாகாணத்தில் முதல் முதலாகக் கள்ளுக் கடை சட்டப்படி மூடப்பட்ட சீமை இதுதான்.

இன்று தனி ஜில்லாவாக விளங்கும் கிருஷ்ணகிரி 2004-இல்தான் பிறந்தது. அதற்கு முன் தர்மபுரியோடும், 1965-க்கு முன் சேலத்தோடும் சேர்ந்திருந்தது. அந்தப் பழைய சேலம் ஜில்லாவில்தான் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாகப் பதவியேற்று அப்போது மூன்று மாதங்கூட நிறையவில்லை.

கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு கிராமத்துப் புளிய மரத்தடியில் வயது முதிர்ந்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். அவருடைய தகப்பனார் ஈச்ச மரம் சீவிப் பிழைத்தவர். இந்த மேட்டுச் சீமையில் பனைக்கும் தென்னைக்கும் ஈடாக ஈச்ச மரமும் கள் கொடுத்தது.

"சுண்ணாம்பு தடவின கலயத்துல வடிஞ்சா பதனி, தடவாத கலயத்துல வடிஞ்சா கள்ளு. மரம் ஒண்ணுதாங்க, கலயம் ஒண்ணுதாங்க. ஒரு விரல் சுண்ணாம்புலதான் சட்டமே நின்னுச்சு" என்றார் அவர்.

எவ்வளவு சரியான பேச்சு! சுண்ணாம்பு புளிப்பைத் தடுக்கிறது. அது இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் இனிப்பு நீர் நுரைத்துப் பொங்கிப் போதையாகிறது. மதுவிலக்கு வந்தபோது மரமேறிகளுக்குப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச அனுமதி கொடுத்ததும் இந்தச் சுண்ணாம்பை நம்பித்தான்.

"கடைக்குள்ளே என்ன இருந்தது, பெரியவரே?" என்று கேட்டோம்.

"என்னங்க இருக்கும்? கூரை, மண் தரை, பானை, மொந்தை. மூலையில கருவாடோ சுண்டலோ விப்பாங்க. வேலை முடிஞ்சு வர்றவன் குந்தி நாலு வார்த்தை பேசுவான். பண்ணையார் வீட்டுத் திண்ணையில அவன் உக்கார முடியுமா? அங்கதான் முடியும்."

சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு அவரே மேலும் சொன்னார்: "எங்கம்மா பொழுது சாஞ்சா கடை வாசல்ல வந்து நிப்பாங்க. நானும் கையப் புடிச்சிக்கிட்டு நிப்பேன். அப்பா வெளிய வர்றப்ப மடியில காசு மிச்சமிருந்தா அன்னைக்குச் சோறு. எங்கம்மா ஒரு நாளும் கடைக்குள்ள காலு வச்சதில்லைங்க."

பெல்பாஸ்ட் கடையின் அழகைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர்கள் உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்கள். நம் கள்ளுக் கடையின் சரித்திரத்தை எழுத வேண்டுமானால், வாசலில் நின்றவர்களைத்தான் கேட்க வேண்டும் போலும்! மண் தரையையும் கீற்றுக் கூரையையும் யாரும் பாதுகாத்து வைக்காததில் வியப்பில்லை. ஆனால் அந்த வாசலை மட்டும் மறந்துவிடக் கூடாது.

அந்தக் கூரைக்குள் புரண்ட பணம் சாமான்யமானதல்ல. ஆண்டுதோறும் சர்க்கார் கடைகளை ஏலம் விட்டது. மரத்துக்கு வரி, கடைக்குக் குத்தகை என்று வசூலித்த அப்காரி வருமானம், சென்னை மாகாண வருமானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காக இருந்தது. ஏழையின் மொந்தையிலிருந்துதான் பள்ளிக்கூடத்துக்கும் பாதைக்கும் பணம் வந்தது என்று சொன்னால் மிகையாகாது. அதனால்தான் ராஜாஜி மதுவிலக்குக்கு ஏற்பட்ட நஷ்டத்தை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியைக் கொண்டு வந்தார். இன்று நாம் கடையில் வாங்கும் ஒவ்வொரு சாமானுக்கும் வரி செலுத்துகிறோமே, தமிழ்நாட்டில் அந்த வழக்கத்தின் தொடக்கம் இந்தக் கள்ளுக் கடை மூடியதில் இருக்கிறது.

ஓசூரிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டரில், தென்பெண்ணை ஆற்றுப் பக்கத்தில், தொரப்பள்ளி என்னும் கிராமம் இருக்கிறது. 1878 டிசம்பர் 10-ஆம் தேதி ராஜாஜி பிறந்த ஊர் இதுதான். அவர் பிறந்த சின்னஞ்சிறு வீட்டை அரசாங்கம் நினைவில்லமாகப் பராமரித்து வருகிறது. ஆடம்பரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சுவர்களில் புகைப்படங்கள், அவற்றில் ஒல்லியான உருவம், கறுப்புக் கண்ணாடி, மேலே கதர் அங்கவஸ்திரம். இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்தவர் இத்தனை சிறிய இடத்திலிருந்து புறப்பட்டார் என்பதை நேரில் பார்த்தாலன்றி நம்ப முடியாது.

அந்த வீட்டில் நின்றபோது ஒன்று விளங்கிற்று. சேலம் ஜில்லாவை ராஜாஜி தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஓசூரில் படித்து, சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, சேலம் நகரசபைத் தலைவராக இருந்து, திருச்செங்கோட்டுக்கருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நடத்தியவர் அவர். அங்கிருந்து 'விமோசனம்' என்ற பத்திரிகையை மதுவிலக்குக்காகவே வெளியிட்டார். கல்கி அதில் அவருக்குத் துணையாக இருந்தார். கடை வாசலில் நின்ற தாயார்களை அவருக்கு நன்றாகத் தெரியும்.

கடையை மூடியதோடு வேலை முடிந்துவிடவில்லை. மாலை நேரத்தை எங்கே கழிப்பது என்ற கேள்வி உடனே எழுந்தது. அதற்காகக் கிராமங்களில் விளையாட்டுக்கும் பஜனைக்கும் ஏற்பாடு செய்தார்கள். தேநீர்க் கடைகள் முளைத்தன. அப்போது ஜில்லாவில் விசாரணை நடத்திய பொருளாதார நிபுணர்கள், குடித்து வந்த குடும்பங்களில் உணவுக்கும் துணிக்கும் செலவிடுவது கூடியிருப்பதைக் கண்டார்கள்.

ஆனால் சட்டத்துக்கு ஓர் எல்லைக் கல் இருந்தது. தொரப்பள்ளிக்கு அப்பால் சிறிது தூரத்தில் மைசூர் ஸமஸ்தானம். அங்கே சென்னைச் சட்டம் செல்லாது. ஓசூருக்கு வடமேற்கே ஜூஜூவாடியில் நின்று பார்த்தால் இன்றும் இந்த உண்மை கண் முன்னே நிற்கிறது. இப்புறம் தமிழ்நாடு, சற்றுத் தொலைவில் அத்திப்பள்ளி, கர்நாடகம்.

சேலத்தில் பிறந்த மதுவிலக்கு யுத்த காலத்தில் நிறுத்தப்பட்டுப் பின் மீண்டும் வந்து, 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் அது தளர்த்தப்பட இருந்த சமயம், தொண்ணூற்றிரண்டு வயது ராஜாஜி கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கே சென்று, "வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார். அந்த ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் தேதி கடைகள் திறந்தன. 1974-இல் மூடி, 1981-இல் திறந்து, 1987 முதல் கள்ளுக்கு மறுபடியும் தடை ஏற்பட்டது. 2003-இல் மற்ற மதுவின் சில்லறை விற்பனையை அரசாங்க ஸ்தாபனமாகிய டாஸ்மாக் ஏற்றுக்கொண்டது. 2023-24-ஆம் ஆண்டில் அதன் மூலம் கிடைத்த வருமானம் 45,855 கோடி ரூபாய். அப்காரி ஏலக்காரன் போய்விட்டான், பானை புட்டியாகிவிட்டது, வாசலில் நிற்பவர்கள் மட்டும் மாறவில்லை.

ஜூஜூவாடிக்கருகே இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாள் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். "இந்தப் பக்கம் வெலை ஏறினா அந்தப் பக்கம் போறாங்க. அந்தப் பக்கம் கடை மூடினா இந்தப் பக்கம் வர்றாங்க. நடுவுல நிக்கறது நாங்கதான் சார்" என்று சொல்லிக்கொண்டே அவர் மாவை ஊற்றினார்.

"மூடினால் கள்ளச் சாராயம் வரும்" என்று சிலர் சொல்கிறார்கள். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை யார் மறுக்க முடியும்? ஆனால், கடைகள் திறந்திருந்த காலத்தில்தானே அதுவும் நடந்தது! ஆகவே, கடை திறப்பதோ மூடுவதோ தனியே நின்று ஒன்றும் செய்துவிடாது என்பதே நமக்குத் தோன்றுகிறது. எல்லையின் இரு பக்கத்து ராஜ்யங்களும் கலந்து பேசாத வரையில் ஓசூர்த் தொழிலாளியின் சம்பளம் எந்தப் பக்கமாவது ஒழுகிக் கொண்டுதான் இருக்கும். அதோடு, உழைத்துக் களைத்தவன் மரியாதையாக உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவதற்கு ஒரு திண்ணையும் வேண்டும். 1937-இல் சேலத்தில் அதையும் யோசித்தார்கள். பிறகு வந்தவர்கள் சட்டத்தை நினைவில் வைத்துக் கொண்டு திண்ணையை மறந்துவிட்டார்கள்.

ஓசூர் வழியாகப் போகும் நேயர்கள் தொரப்பள்ளிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நஷ்டமில்லை. குழந்தைகளையும் அழைத்துப் போகலாம். பெல்பாஸ்டைப் போல் வண்ணக் கண்ணாடியும் சித்திர ஓடுகளும் அங்கே கிடையாது. வாசலில் காத்து நின்ற ஒரு தாயாருக்காகக் கதவைச் சாத்த முயன்ற ஒரு மனிதர் பிறந்த வீடு இருக்கிறது. அவர் சாத்திய கதவு திறந்தே கிடக்கிறது என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.