கோணல் ஸ்டியரிங்

ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கிறோம் என்று தெரிந்துவிட்டால் போதும், ஊரில் இருக்கிற பழைய வண்டியெல்லாம் நம்மைத் தேடி வரும். எனக்கு வந்தது சிலமலையில் என் தாய்மாமாவின் லாரி.

போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு உரம் ஏற்றிப் போகிற வண்டி அது. போடிமெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் நிறைந்த ஜீப்புகள் வரும். அந்தச் சாலையில் ஓடும் வண்டிக்கு ஸ்டியரிங் என்பது உயிர்.

வண்டி நேராக ஓடும்போது ஸ்டியரிங் வீல் மட்டும் கடிகாரத்தில் பத்து நிமிடம் தள்ளினாற்போல் கோணலாக நின்றது. "வீலைக் கழற்றி நாலஞ்சு பல்லு தள்ளி மாட்டிட்டா நேராயிரும்" என்றார் டிரைவர் அண்ணன். மாமாவும் தலையாட்டினார். செலவில்லாத வைத்தியம் அல்லவா!

பட்டறை மேஸ்திரி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "தம்பி, தெர்மாமீட்டரை உதறி வச்சா காய்ச்சல் போயிருமா?" என்று என்னைக் கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். ஸ்டியரிங் பாக்ஸ் அதன் நடு நிலையில்தான் ஆட்டம் குறைவாக, இறுக்கமாக இருக்கும்படி செய்யப்படுகிறது. வீலை மட்டும் மாற்றி மாட்டினால் கண்ணுக்கு நேர். உள்ளே பாக்ஸ் நடுவில் இருக்காது. நேர் ரோட்டில் வண்டி அலையும். ஒரு பக்கம் முழுசாக ஒடியாமலும் போகலாம். கொண்டை ஊசியில் அது நடந்தால், பள்ளத்தின் விளிம்பில் ரிவர்ஸ் எடுக்க வேண்டியதுதான்.

டை ராடைத் திருகி வீலை நேராக்குவதும் தப்பு. அது இரண்டு முன்சக்கரங்களுக்கு இடையேயான டோ-இன் அளவுக்கு உரியது. அதைக் கெடுத்தால் டயர் தேயும். டிராப் ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் டிராக் லிங்க்தான் வீலை நடுவுக்குக் கொண்டுவரும் இடம்.

ஆனால் மேஸ்திரி அதையும் உடனே தொடவில்லை. "நேத்து வரைக்கும் சரியா இருந்தது இன்னிக்கு ஏன் கோணுச்சு?" என்று டேப்பை எடுத்தார். முன் ஸ்பிரிங் பட்டையின் ஊசியிலிருந்து ஆக்ஸில் வரை இரண்டு பக்கமும் அளந்தோம். வலப்பக்கம் 10 மி.மீ. பின்னால் போயிருந்தது! யூ-போல்ட் தளர்ந்து, பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் வெட்டிக் கிடந்தது. ஆக்ஸில் நகர, நீளம் மாறாத டிராக் லிங்க் வீலைத் திருப்பிவிட்டது.

புது சென்டர் போல்ட் போட்டு, யூ-போல்ட் முறுக்கி, டிராக் லிங்கைக் கழற்றினோம். ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றி எண்ணி, பாதியில் நிறுத்தினோம். சக்கரங்களை நேராக வைத்து லிங்கை மாட்டியபோது சிறிதளவே வித்தியாசம். அதைத் திருகிச் சரிசெய்து, கிளாம்ப்பை இறுக்கி, நட்டுக்குப் புது ஸ்பிலிட் பின் போட்டார். உரம் ஏற்றி மெட்டு ஏறி இறங்கியதும், யூ-போல்ட்டை மறுபடி முறுக்கச் சொன்னார்.

தோழர்களே, வீலை மட்டும் நிமிர்த்தி அனுப்பியிருந்தால் மாமா சந்தோஷப்பட்டிருப்பார். அறுந்த போல்ட்டோடு வண்டி மலையேறியிருக்கும். கோணல் தெரிகிற இடம் வேறு, கோணல் பிறந்த இடம் வேறு. நாளை ஸ்பானர் பிடிக்கப்போகும் நாம், முதலில் டேப்பைப் பிடிப்போம்!