பதினேழாவது வளைவில் நின்ற அம்பாசடர்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஆழியாறு வரை தென்னந்தோப்புகளுக்கு நடுவே சுகமான சாலை. அணையைத் தாண்டி, வனத்துறைச் சோதனைச்சாவடியைக் கடந்ததும் மலை ஏறத் தொடங்கிவிடும். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. குழந்தைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

அந்த மாசி மாதத்துப் பிற்பகலில், 1984-ம் வருடத்து பெட்ரோல் அம்பாசடர் ஒன்று இந்த வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று பேர். ஸ்டியரிங்கில் ஐம்பது வயது மகன். பக்கத்தில் கல்லூரியில் படிக்கும் அவர் பெண். பின் சீட்டில் எழுபத்தாறு வயது அப்பத்தா. டிக்கியில் சீர்த்தட்டுகள், பழக்கூடை, இரண்டு பெட்டி கண்ணாடி வளையல். வால்பாறையில் இருக்கும் தங்கை வீட்டில் மறுநாள் காலை பேத்திக்கு வளைகாப்பு. முதல் வளையலை அப்பத்தாதான் போட வேண்டும்.

கார் அப்பத்தாவின் கணவருடையது. பொள்ளாச்சியில் டாக்ஸி ஓட்டியவர் அவர். அவர் போய் ஆறு வருடமாகிறது. அம்பாசடர் தயாரித்த உத்தரபாரா தொழிற்சாலையும் 2014-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. உதிரிபாகத்துக்கு அலைய முடியவில்லை என்று மகன் காரை விற்க ஏற்பாடு செய்து, முன்பணமும் வாங்கிவிட்டார். இது கடைசி மலைப் பயணம் என்று சொல்லித்தான் அம்மாவை ஏற்றி வந்தார்.

ஈரத்துண்டு வைத்தியம்

ஆழியாற்றில் பொரித்த மீனோடு சாப்பாடு. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சி முனை. அங்கிருந்து பார்த்தால் அணையின் நீர் கீழே ஒரு கண்ணாடித் துண்டு போலக் கிடக்கிறது. சாலையோரப் பாறையில் இரண்டு வரையாடுகள், யாரையும் சட்டை செய்யாமல் புல் கடித்துக்கொண்டிருந்தன. படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

பதின்மூன்றாவது வளைவில் கார் இரண்டு தடவை உதறி நின்றது.

சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்துவிட்டு மகன் பானெட்டைத் திறந்தார். அனல் அடித்தது. "வேப்பர் லாக்கும்மா" என்றார். ஏற்றத்தில் இன்ஜின் சூடாகி, குழாயில் போகிற பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வது அது. மலைப்பாதைகளில் பழைய கார்கள் நிற்க இதுதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். துண்டை நனைத்து பெட்ரோல் பம்ப்பின் மேல் போட்டார். இருபது நிமிடம் கழித்து செல்ஃப் அடித்தார். வண்டி கிளம்பிவிட்டது.

நான்கு வளைவு ஏறியது. பதினேழாவது வளைவைத் தாண்டியதும் சைலன்சரில் 'படார்' என்று ஒரு வெடி. அதோடு சரி.

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. செல்போனில் சிக்னல் இல்லை. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வழியாகப் போகிற சாலை இது; யானையும் சிறுத்தையும் நடமாடும் காடு. இருட்டிய பிறகு இங்கே நிற்பது நல்லதல்ல. பேத்தி இலையோடு ஒரு கிளையை ஒடித்துவந்து, வருகிற வண்டிக்குத் தெரியும்படி சாலையில் போட்டாள்.

வால்பாறை போகும் அரசுப் பேருந்து ஒன்று வேகம் குறைத்தது. "ஏனுங்ணா, நின்னுபோச்சுங்களா? அம்மாவையும் பாப்பாவையும் ஏத்திவிடுங்க, நான் எறக்கி விட்டுடறேன்" என்றார் டிரைவர்.

மகன் அம்மாவைப் பார்த்தார். அப்பத்தா தலையாட்டவில்லை. "இவனைக் காட்டுல தனியா விட்டுப்போட்டு நான் போய் வளையல் போடறதா? நீங்க போங்க சாமி. அட்டகட்டியில யாராச்சும் மெக்கானிக் இருந்தா மட்டும் சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார்.

அப்பத்தாவின் கணக்கு

மகன் மறுபடி துண்டை நனைக்கப் போனார். அப்பத்தா தடுத்தார்.

"பெட்ரோல் பத்தாம நிக்கற வண்டி மூச்சு வாங்கி, மூச்சு வாங்கித்தான் நிக்கும். இது வெடிச்சுட்டு பட்டுனு நின்னுது. இது கரண்ட் சமாச்சாரம் கண்ணு. உங்கப்பா எதையும் கழட்டறதுக்கு முன்னால ரெண்டே கேள்விதான் கேப்பாரு. பெட்ரோல் வருதா? கரண்ட் வருதா?"

அப்பத்தாவுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. ஆனால், முப்பது வருடம் ராத்திரிகளில் டார்ச் பிடித்திருக்கிறார். கணவர் எதற்குப் பிறகு எதைத் தொடுவார் என்ற வரிசை மனதில் இருந்தது.

முதலில் பெட்ரோல். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, பம்ப்பில் இருக்கும் கைப்பிடியை அழுத்தினார் மகன். பெட்ரோல் சீராகப் பாய்ந்தது. வேப்பர் லாக் இல்லை. முதல் தடவை கிளம்பியது, காத்திருந்த நேரத்தில் எல்லாமே ஆறியதால். ஈரத்துண்டுக்குத் தேவையில்லாமல் பெயர் கிடைத்துவிட்டது.

குழாயை மாட்டி, சிந்தியதைத் துடைத்து, பாட்டிலை மூடி தூர வைத்த பிறகுதான் கரண்ட் சோதனை. பெட்ரோல் ஈரம் இருக்கும் இடத்தில் பொறி பார்க்கக் கூடாது.

காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் போகும் தடித்த வயரை உருவினார். காய்ந்த குச்சியில் அதைக் கட்டி, வயர் நுனியை இன்ஜின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடித்தார். பேத்தி சாவியைத் திருப்பினாள். செல்ஃப் நன்றாகவே சுற்றியது, பேட்டரியில் குறையில்லை. நல்ல காயில் என்றால் 'டிக் டிக்' என்று நீலப் பொறி தாவ வேண்டும். இங்கே வந்தது மெலிந்த மஞ்சள் பொறி, அதுவும் விட்டு விட்டு.

அந்த ஒரு சோதனையில் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. காயிலிலிருந்து நேராக வரும் வயரிலேயே பொறி சோனி. அப்படியானால் அதற்குப் பிறகு வரும் மூடி, ரோட்டார், பிளக் வயர், பிளக் எதையும் இப்போது தொட வேண்டியதில்லை. மிச்சம் மூன்றுதான்: பாயிண்ட், கண்டன்சர், காயில்.

"மூடியைத் தொறந்து வெச்சுட்டு வண்டியச் சுத்து. பாயிண்ட்ல நெருப்புப் பறக்குதான்னு பாரு" என்றார் அப்பத்தா. "பாயிண்ட்ல வாணவேடிக்கை நடந்தா பிளக்குல தீபாவளி இருக்காதுன்னு உங்க தாத்தா சொல்லுவாரு."

பேத்தி குனிந்து பார்த்தாள். பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு தடவையும் தடிமனான வெளிச்சம் பளிச்சிட்டது. முனைகள் இரண்டும் கருகிக் குழி விழுந்திருந்தன.

சுண்டுவிரல் அளவு டப்பி

கண்டன்சர் என்பது சுண்டுவிரல் நுனி அளவுள்ள தகர உருளை. அதன் வேலை பெரிது. பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயிலில் ஓடி, அதைக் காந்தமாக்கி வைக்கிறது. பாயிண்ட் திறந்ததும் ஓட்டம் சட்டென்று நிற்க வேண்டும். அந்தச் 'சட்டென்று'தான் காயிலில் பல ஆயிரம் வோல்ட்டைக் கிளப்பி, பிளக்கில் பொறியாக விழ வைக்கிறது. ஓடிக்கொண்டிருந்த மின்சாரமோ சும்மா நிற்காது, திறந்த இடைவெளியைத் தாவப் பார்க்கும். அதை வாங்கி அடக்கிக்கொள்வதுதான் கண்டன்சர். அது போய்விட்டால், பிளக்குக்குப் போக வேண்டிய வேகமெல்லாம் பாயிண்ட்டிலேயே எரிந்து தீர்கிறது. சூட்டில் மட்டும் செயலிழந்து, ஆறியதும் வேலை செய்கிற கண்டன்சரும் உண்டு. ஆளை ஏமாற்றுவது அதுதான்.

"கண்டுபிடிச்சாச்சு. கண்டன்சருக்கு எங்கே போறது?" என்றார் மகன்.

"ஸ்டெப்னிக்கு அடியில பவுடர் டப்பா ஒண்ணு இருக்கும் பாரு. காரை விக்கறதுக்கு முன்னால அதை எடுக்கணும்னு நெனச்சுட்டே இருந்தேன்."

சீர்த்தட்டுகளை எல்லாம் பின் சீட்டில் அப்பத்தாவின் மடிக்கு மாற்றி, ஸ்டெப்னியைத் தூக்கினார்கள். டப்பா இருந்தது. உள்ளே துணி சுற்றிய ஒரு கண்டன்சர், ஒரு ரோட்டார், மடித்த உப்புத்தாள்.

பழைய கண்டன்சரைக் கழற்றும் முன் டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கீழே துண்டை விரிக்கச் சொன்னார் அப்பத்தா. கடுகு போன்ற திருகாணி அது. உள்ளே விழுந்தால் விடிய விடியத் தேட வேண்டியதுதான். ஒருமுறை கை தவறித் துண்டில்தான் விழுந்தது. புதியதன் பிடி, உள்ளே இருந்த துளைக்குப் பொருந்தவில்லை. மகன் சோர்ந்து நிமிர்ந்தார். "வெளியவே மாட்டு. உங்கப்பா காயில் பக்கத்துல தொங்கவிட்டே ஓட்டியிருக்காரு" என்றார் அப்பத்தா. சரிதான். கண்டன்சரின் உடம்பு வண்டியின் இரும்பைத் தொட வேண்டும். அதன் வயர், காயிலிலிருந்து பாயிண்ட்டுக்குப் போகும் முனையில் சேர வேண்டும். அவ்வளவே. காயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டில் வைத்து முறுக்கினார்.

உப்புத்தாளால் பாயிண்ட்டைத் தேய்த்துத் துடைத்தார்கள். ஹேண்டில் போட்டு இன்ஜினைத் திருப்பி, பாயிண்ட் முழுதாகத் திறந்த நிலையில் ஒரு விசிட்டிங் கார்டு இறுக்கமில்லாமல் நுழையும்படி இடைவெளி வைத்தார்கள். சுமார் 0.4 மில்லிமீட்டர்.

செல்ஃப். ஒரு இருமல். மறுபடி செல்ஃப். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

மணி ஆறேகால். சக்கரத்துக்கு வைத்த கல்லையும் சாலையில் போட்ட கிளையையும் மறக்காமல் ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டுத்தான் பேத்தி ஏறினாள். பின்னால் வருபவருக்கு அவை ஆபத்து.

நாற்பதாவது வளைவு

அட்டகட்டியில் யாரோ கை காட்டினார்கள். பேருந்து டிரைவர் சொல்லி அனுப்பிய ஆள். நன்றி சொல்லி, டீ குடித்துக் கிளம்பினார்கள். கவர்க்கல் பக்கம் மூடுபனி சாலையை மூடியது. ஹெட்லைட் வெளிச்சத்தில் தேயிலைப் புதர்கள் வரிசை வரிசையாக வந்து போயின. ரொட்டிக்கடையைத் தாண்டி, சிங்கவால் குரங்குகளுக்குப் பேர்போன புதுத்தோட்டம் வழியாக வால்பாறை சேர்ந்தபோது மணி எட்டு. மறுநாள் முதல் வளையல் அப்பத்தாவின் கையால் விழுந்தது.

பழைய காரில் மலையேறும் பழக்கம் இருப்பவர்கள் ஒரு கண்டன்சர், பாயிண்ட் செட், ரோட்டார், உப்புத்தாள் நான்கையும் டிக்கியில் வைத்திருப்பது நல்லது. வண்டி நின்றால் சாவியை அணைத்துவிட வேண்டும். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி திறந்தே இருந்தால் காயில் சூடேறிக் கெட்டுவிடும். பிறகு அந்த இரண்டு கேள்விகளையும் வரிசை மாறாமல் கேட்க வேண்டும்.

அடுத்த வாரம் கார் பேசியபடி கைமாறியது. சாவியோடு அந்தப் பவுடர் டப்பாவையும் வாங்க வந்தவரிடம் கொடுக்கச் சொன்னார் அப்பத்தா. உள்ளே பொள்ளாச்சியில் வாங்கிய புது கண்டன்சர் ஒன்று இருந்தது. கூடவே, பேத்தியின் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'முதலில் பெட்ரோல். பிறகு கரண்ட். கழற்றும் முன் துண்டை விரிக்கவும்.'