மவுஸுக்குப் பதில் பேனா

"டேப்லெட் வாங்கப் போறேன்" என்று ஊருக்கு போன் போட்டுச் சொன்னால், யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பார்கள் :-) நான் சொல்வது மாத்திரையும் இல்லை, சினிமா பார்க்கிற பலகையும் இல்லை. கம்ப்யூட்டரில் சொருகிக்கொண்டு பேனாவால் எழுதுகிற, வரைகிற சிலேட்டு. ஏழாவது படிக்கும் மகளுக்காகப் போன வருஷம் இங்கே நாக்பூரில் வாங்கினோம். ஆபீஸில் நாலைந்து பேர் விசாரித்துவிட்டார்கள், அதனால் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

இதில் இரண்டு ரகம். திரை உள்ளது, திரை இல்லாதது. திரை இல்லாததில் கை மேஜையில் இருக்கும், கண் மானிட்டரில் இருக்கும். முதல் நாள் நாம் ஒரு பக்கம் போவோம், கோடு ஒரு பக்கம் போகும். தினம் அரைமணி உட்கார்ந்தால் பத்து நாளில் பழகிவிடும். திரை உள்ளதில் இந்தச் சிரமம் இல்லை. ஆனால் விலை பல மடங்கு. பி.காம். படித்தவன் புத்தி எங்கே போகும்? பிள்ளைக்கு ஆசை நிலைக்குமா என்று தெரியாதபோது, சில ஆயிரத்தில் முடிகிறதே போதும்.

கடையில் முதலில் சொல்வது அழுத்த நிலைகள்: 2048, 4096, 8192. லேசாக வைத்தால் மெல்லிய கோடு, அழுத்தினால் தடித்த கோடு. அந்த இடைவெளியை எத்தனை படியாகப் பிரிக்கிறது என்பதுதான் கணக்கு. எங்கள் கைக்கு 2048 தாராளம். நான் பார்க்கச் சொல்வது வேறு மூன்று.

ஒன்று, பேனாவுக்கு சார்ஜ் வேண்டாததா என்பது. பலகைக்குள் இருக்கும் கம்பிகள் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்தே பேனா தன் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். ஜப்பானின் வாகாம் இதில் மூத்த கம்பெனி. சீனாவின் ஹுயியான், எக்ஸ்பி-பென் கம்பெனிகளிடமும் இந்த ரகம் உண்டு. இரண்டு, அளவு. எழுதவும் போட்டோ திருத்தவும் 6க்கு 4 அங்குலம் போதும். முழுக்கையை வீசி வரைகிறவர்களுக்குப் பெரியது வேண்டும். மூன்று, பேனா முனை தேயும். மாற்று முனை கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கியபின் டிரைவரில், பலகையின் நீள அகலத்தைத் திரையின் விகிதத்துக்குப் பொருத்திவிடுங்கள். இல்லாவிட்டால் வட்டம் போட்டால் முட்டை வரும். வரைய கிரிட்டா என்ற இலவச மென்பொருளே போதும்.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார், வயது 76. பேத்திக்கு இன்னமும் தபாலில்தான் கடிதம் போடுவார். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. டிரான்ஸ்ஃபர் உத்தியோகத்தில் மூன்று ஊர் மாறியதில் தமிழ் வகுப்பு எங்கேயும் அமையவில்லை. அவள் பெயருக்கு வந்த கடிதத்தை நான்தான் படித்துக்காட்டுவேன்.

போன் கேமராவை நோட்டுக்கு மேல் பிடித்து தாத்தாவைச் சொல்லித்தரச் சொன்னோம். கை எழுத்தை மறைத்தது, படம் ஆடியது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் திரையைப் பகிர்ந்துவிடுகிறோம். அவர் பக்கம் புதிதாக ஒன்றும் வாங்கவில்லை, போன் மட்டும்தான். எழுத்து எங்கே தொடங்குகிறது, எப்படிச் சுழிக்கிறது என்பது அவருக்கு நேராகத் தெரிகிறது. "அம்மாடி, அது மூணு சுழி. ரெண்டோட நிறுத்தினா வேற எழுத்து" என்று பாதியிலேயே பிடித்துவிடுகிறார். மராத்தி எழுதிப் பழகிய கை, ஆரம்பத்தில் தமிழுக்கும் மேலே ஒரு கோடு இழுத்தது. அதையும் அவர்தான் நிறுத்தினார்.

மகளே கண்டுபிடித்த உபாயம் ஒன்று. தாத்தாவின் பழைய கடிதத்தை போட்டோ எடுத்து அடி லேயரில் வைத்து, மேல் லேயரில் அந்த எழுத்தின் மேலேயே எழுதுகிறாள். அதனால் அவளுடைய 'ழ'வும் தாத்தாவினுடையது போலவே வாலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. என் 'ழ' அப்படி இருக்காது.

போன மாதம் வந்த கடிதத்தை அவளே பிரித்தாள். எழுத்துக்கூட்டிப் பாதி படித்தாள். மீதியை நான் படிக்கட்டுமா என்றேன்.

"வேண்டாம்ப்பா, அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும்" என்று மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.