படிக்கூடத்தில் பிறந்த பாட்டு

நியூயார்க்

அன்பு நண்பா,

நான் தங்கியிருக்கும் வீட்டிலிருந்து பெல்மான்ட் அவென்யூ நடக்கிற தூரம்தான். பிராங்க்ஸ் பகுதியின் பழைய இத்தாலியப் பேட்டை இது. ரொட்டிக் கடைகளும் பாலாடைக்கட்டிக் கடைகளும் இன்னும் இருக்கின்றன. 1950களின் இறுதியில் டியான் என்ற பாடகரும் அவருடைய தோழர்கள் மூவரும் இந்தத் தெருவின் பெயரையே குழுவுக்குச் சூட்டிக்கொண்டார்கள்: டியான் அண்ட் தி பெல்மான்ட்ஸ். அந்தக் காலத்து 'டூ-வாப்' பாட்டுகள் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். அவை பிறந்த தெருக்களில் நடக்கிறேன் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

வாத்தியம் வாங்கக் காசில்லாத பிள்ளைகள் உண்டாக்கிய இசை இது. 'டபுள் பாஸ்' வாத்தியத்தின் வேலையை அடிக்குரல்காரன் செய்தான். ஊதுகருவிகளின் வேலையை மற்றவர்கள் 'ஊ' என்றும் 'வா' என்றும் செய்தார்கள். பொருளில்லாத அந்த அசைகள் எல்லாம் வாத்தியங்களுக்குப் பதிலாக வந்தவை. ஒத்திகைக்கு அறை கிடையாது. தெருமுனை, பள்ளிக் கழிப்பறை, சுரங்க ரயில் நிலையம், அடுக்குமாடி வீட்டின் படிக்கூடம், இவைதாம். ஓடு பதித்த சுவர் குரலை விழுங்காமல் திருப்பித் தரும். நேற்றிரவு இந்த வீட்டுப் படிக்கூடத்தில் மெதுவாக ஒரு ஸ்வரம் பிடித்துப் பார்த்தேன். நான் நிறுத்திய பிறகும் அது நின்றது. நாலு பேர் சேர்ந்தால் எப்படி இருந்திருக்கும்!

நீ பாட்டுக் கற்றவன், அதனால் இதைச் சொல்கிறேன். இவற்றில் எத்தனையோ பாட்டுகளுக்கு அடித்தளம் நாலே ஸ்வரம்: ச, த, ம, ப. ஷட்ஜத்திலிருந்து கீழ்த் தைவதத்துக்கு இறங்கி, மத்யமத்தைத் தொட்டு, பஞ்சமத்தில் நின்று, மறுபடி ஷட்ஜம். ஒவ்வொன்றின் மேலும் குரல்கள் வேறு வேறு ஸ்வரங்களில் சேர்ந்து நிற்கும். உச்சியில் ஒரு பொய்க்குரல், அடியில் ஒரு கட்டைக்குரல், நடுவே கதை சொல்லும் தலைமைக்குரல். இசைப் பள்ளியை எட்டிப் பார்க்காத பையனும் தன் இடத்தைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் தனியாக அவனால் இதைப் பாட முடியாது. மற்ற மூவரும் வந்தாக வேண்டும். எழுபது ஆண்டு கழித்தும் இந்தப் பாட்டுகள் மனத்தைப் பிடித்து இழுப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். காதல் வரிகளை விட, ஒருவன் குரல் இன்னொருவன் குரலுக்காகக் காத்திருப்பது என்னை உருக்குகிறது.

மன்ஹாட்டனின் வடக்கே, எட்வர்ட் ஸ்டிட் பள்ளி இருக்கும் பக்கமும் போயிருந்தேன். ஃபிராங்கி லைமனின் 'தி டீனேஜர்ஸ்' குழு உருவான பள்ளி. கறுப்பினப் பிள்ளைகள் மூவர், போர்ட்டோ ரிக்கோக் குடும்பத்துப் பிள்ளைகள் இருவர். 1956இல் 'வை டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' வெளிவந்தபோது லைமனுக்கு வயது 13. அமெரிக்காவை மயக்கிவிட்டுக் கடல் தாண்டி பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பாட்டின் உரிமையில் இசைத்தட்டு முதலாளியின் பெயரும் ஏறிக்கொண்டது. லைமன் ஹெராயினுக்கு அடிமையாகி 1968இல், 25 வயதில் இறந்தார். கூடப் பாடிய ஹெர்மன் சாண்டியாகோவும் ஜிம்மி மெர்ச்சன்ட்டும் அந்தப் பாட்டை எழுதியவர்கள் நாங்கள் என்று வழக்குப் போட்டு 1992இல் வென்றார்கள். 1996இல் மேல்முறையீட்டில், காலம் கடந்து வந்தீர்கள் என்று தீர்ப்பு திரும்பிவிட்டது. இதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

இதே பிராங்க்ஸைச் சேர்ந்த 'தி கார்ட்ஸ்' குழுவுக்கும் நியாயம் கிடைக்கவில்லை. 1954இல் அவர்கள் பாடிய 'ஷ்-பூம்' முதல் பத்துக்குள் வந்தது. கனடாவின் வெள்ளைக்காரக் குழு ஒன்று அதையே திரும்பப் பாடி முதலிடத்தில் உட்கார்ந்தது.

ஒரு சுரங்க ரயில் நிலையத்தில் முதியவர்கள் நால்வர் 'தி ஃபைவ் சாட்டின்ஸ்' குழுவின் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார்கள். 1956இல் நியூ ஹேவன் நகரில், ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பதிவான பாட்டு. ரயில் வந்தும் பலர் ஏறவில்லை. நானும்தான். பக்கத்தில் நின்ற இளம்பெண் அடிக்குரல் வரியைச் சரியாகச் சேர்ந்து பாடினாள். அவள் பிறப்பதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டு!

நீ முதலில் 'தி ஷான்டெல்ஸ்' கேள். பிராங்க்ஸின் கத்தோலிக்கப் பள்ளி மாணவிகள் ஐவர், லத்தீன் தேவாலயப் பாடல்களில் பழகிய குரல்கள். 1957 இறுதியில் வந்த 'மேபி' பாட்டில் தலைமைக்குரல் பாடிய ஆர்லீன் ஸ்மித்துக்கு அப்போது 16 வயது. அந்தக் கெஞ்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பிறகு 'தி ஃபிளமிங்கோஸ்' 1959இல் பாடிய 'ஐ ஒன்லி ஹாவ் ஐஸ் ஃபார் யூ'. இரவில், ஹெட்ஃபோன் மாட்டிக் கேள். தலைமைக்குரலை விட்டுவிட்டுப் பின்னணிக்குரல்களை மட்டும் தொடர்ந்து போ. எந்த இடத்தில் உனக்கு மெய்சிலிர்த்தது என்று எழுது. எனக்கு எந்த இடம் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உன் நண்பன்