காரலின் கன்னம்

காரல் மீனை அறியாத கடலோர வீடு நம்மிடையே இராது. ஆணத்தில் இட்டாலும் கருவாடாகக் காய்ந்தாலும் அது காரல்தான். அதற்குள் எத்தனையோ இனங்கள் உண்டென்பதை அடுப்பங்கரை கணக்கில் கொள்வதில்லை.

லாத்தாவின் மகன் கடல் உயிரியல் பயில்கிறான். நோன்புப் பெருநாள் விடுமுறைக்குப் பரங்கிப்பேட்டை வந்திருந்தவன், அன்று வாங்கிய விரல் நீளக் காரல்களில் ஒன்றை எடுத்து, "மாமா, இது எந்த இனம்?" என்று வினவினான்.

அதன் வாயை மெல்ல இழுத்தோம். குழாய்போல் நீண்டு மேல்நோக்கி நின்றது. காரல்களைப் பிரிக்க முதலில் பார்ப்பது இதைத்தான். பலவற்றின் வாய் கீழ்நோக்கி நீளும். முன்னோக்கி நீண்டு, கோரைப்பற்களும் இருந்தால் அது காஸா என்னும் பேரினம். மேல்நோக்கினால் செக்யூட்டர். இப்பேரினத்தை இன்று டெவெக்சிமென்டம் என மாற்றிவிட்டார்கள். நமக்கென்னவோ பழைய பெயரே நாவில் வருகிறது. "செக்யூட்டர் இன்சிடியேட்டர், 1787-இல் பெர்லின் மருத்துவர் பிளாக் பெயரிட்டது" என்று தயங்காமல் கூறினோம். உணவுக்குழலைச் சுற்றி ஒளிரும் நுண்ணுயிர்களைச் சுமக்கும் இறைவனின் விந்தைப் படைப்பு என்றும் விரிவுரையாற்றினோம். அவன் அனைத்தையும் ஏட்டில் எழுதிக்கொண்டான்.

இரவு நூலைப் புரட்டியதும் உறக்கம் போயிற்று. மேல்நோக்கிய வாயுடன் நம் கரையில் இன்னொன்றும் உண்டு: ரூக்கோனியஸ். கங்கை மீன்களைப் பற்றி ஹாமில்டன் 1822-இல் வெளியிட்ட நூலில் வருவது. இரண்டும் வெள்ளிக் காசுபோல் மின்னும். ரூக்கோனியஸின் உடல் சற்று அகன்றது. அதன் கன்னத்தில் செதில் உண்டு, இன்சிடியேட்டரின் கன்னத்தில் இல்லை. அச்செதில்களோ மிக நுண்ணியவை. வலையில் உரசினால் உதிர்ந்துவிடும். செதில் காணோம் என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. நாமோ கன்னத்தின் பக்கமே போகவில்லை! பையன் அந்தப் பெயரைக் கல்லூரியில் ஒப்படைத்தால், பிழை நம்முடையது, தலைகுனிவு அவனுடையது.

சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் அடுப்பங்கரைக்கு விரைந்தோம். லாத்தா அரிவாள்மணையின் முன் அமர்ந்திருந்தார். தலைகள் ஒருபுறம் குவிந்திருந்தன. தலை போகாமல் எஞ்சிய மூன்று மீன்களை வேண்டிப் பெற்று, உருப்பெருக்கியின் கீழ் வைத்தோம். மூன்றின் கன்னத்திலும் செதில்கள் இருந்தன.

மருமகனை எழுப்பிக் காட்டினோம். அவன் நெடுநேரம் பார்த்துவிட்டு, ஏட்டில் ஒரு கோடு கிழித்தான்.

"நேற்று கன்னத்தைப் பார்த்தீர்களா, மாமா?"

"பார்க்கவில்லை" என்றோம்.