தலைமாட்டில் மூன்று புத்தகங்கள்

ஞாயிறு

பொங்கல் விடுமுறைக்கு எடுத்துவைத்த மூன்று புத்தகங்களையும் சேர்த்தே படித்துக்கொண்டிருக்கிறேன். விடியற்காலையில் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. திருநகரிலிருந்து சிம்மக்கல்லுக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. ராத்திரி, எல்லாரும் படுத்த பிறகு, ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடக்கூடாதா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். எனக்கு அது சரிப்படுவதில்லை. காலையில் படித்தது மனசில் ஊறிக்கொண்டிருக்கும்போது ராத்திரி வேறொன்றைத் திறந்தால், இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். தனித்தனியாகப் படித்திருந்தால் கண்ணில் படாத சங்கதிகள் அப்போது தெரியவரும்.

‘என் சரித்திரம்’ 1940-லிருந்து ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. எழுதத் தொடங்கும்போது ஐயருக்கு எண்பத்தைந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது. உத்தமதானபுரத்துப் பிள்ளைப் பருவத்தை அந்த வயதில் அவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார். எந்த ஊரில் யார் வீட்டில் சாப்பிட்டோம், எந்தத் திண்ணையில் பாடம் கேட்டோம் என்பது வரை எதையும் விடவில்லை. மகனுக்கு ஒரு நல்ல தமிழாசிரியரைத் தேடித் தகப்பனார் ஊர் ஊராகக் குடிபெயர்கிறார். அந்த அலைச்சலைப் படிக்கும்போது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு காலேஜ் பையன். பழங்காநத்தம் வரை செல்போனில் இருந்தவன், என் கையிலிருந்த அட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன புக்குக்கா?” என்றான்.

சொன்னேன். சிங்கம்புணரியில் பிறந்து, பதினெட்டு வயதில், 1938-ல், பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மெடான் நகருக்குக் கப்பலேறியவர் எழுதியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946-ல் ஊர் திரும்பி, இதே மதுரையில் தினத்தந்தியில் நாற்பது வருடம் வேலை பார்த்தார், ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறை ஒன்றில் தனியாளாக வாழ்ந்தார். எழுதியது இரண்டே நாவல்கள்: ‘கடலுக்கு அப்பால்’, அதற்குப் பிறகு 1972-ல் வெளிவந்த இது.

“நம்ம மதுரையா?” என்றான்.

“நம்ம மதுரைதான். ஜப்பான்காரன் ஊருக்குள்ள வர்றதுல ஆரம்பிக்குது கதை. பாண்டியன்னு ஒருத்தன், நம்ம பக்கத்து ஆளு. வட்டிக்கடை வேலைக்குப் போனவன், சண்டைக்குள்ள மாட்டி எங்கெங்கயோ போறான். அங்க இருந்துக்கிட்டே மதுரைத் தெருவையெல்லாம் நினைச்சுப் பாக்குறான்.”

இறங்குவதற்கு முன்னால் அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டான். அவன் படிப்பான் என்றுதான் நம்புகிறேன்.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் தத்துவத்துக்கும் நகைச்சுவைக்கும் போய்விடுவார்கள். எனக்குப் பிடித்தது அதிலுள்ள வேலை. செட்டியார்களின் கிட்டங்கி, பெட்டியடி, அடுத்தாள், கணக்குப் பேரேடு எல்லாம் உள்ளே இருந்து பார்த்தவரின் கையால் வருகின்றன. மலாய், சீனச் சொற்கள் பேச்சில் கலந்து வந்துகொண்டே இருக்கும். ஆசிரியர் நின்று விளக்கமாட்டார், நாமும் அந்தக் கடைத்தெருவில் நின்று காது பழகிக்கொள்ள வேண்டியதுதான். தொங்கான் என்ற மரக்கலத்தில் கடல் கடக்கும்போது புயல் அடிக்கும் பகுதிக்கு நாளை வந்துவிடுவேன். முன்பே படித்ததுதான். ஆனாலும் பஸ் நெரிசலில் அதைப் படிக்க மனமில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒதுக்கி வைக்கப்போகிறேன்.

வியாழன், அதிகாலை

‘என் சரித்திர’த்தில், சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் சந்திக்கும் அத்தியாயத்துக்கு வந்தாயிற்று. 1880 அக்டோபர் 21. அன்றும் வியாழக்கிழமைதான். ஐயரே நாளைக் குறித்து வைத்திருக்கிறார்.

ஐயருக்கு அப்போது இருபத்தைந்து வயது. கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியர் வேலைக்கு வந்த புதிது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருடக்கணக்கில் பாடம் கேட்டவர். அந்த ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த முதலியாரைப் பார்க்கப் போகிறார். யாரிடம் படித்தீர்கள், என்னென்ன படித்தீர்கள் என்று முதலியார் விசாரிக்கிறார். ஐயர் சொல்லச் சொல்ல ஜாபிதா நீள்கிறது: அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணங்கள், கம்பராமாயணம். கேட்பவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கடைசியில், சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். ஐயர் அவற்றைப் பார்த்ததே இல்லை.

இந்தக் காட்சியைத் தமிழாசிரியர்கள் மேடையில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தமிழின் மறுபிறப்பு அன்றைக்குத் தொடங்கியது என்பார்கள். அது சரிதான். இன்று படிக்கும்போது எனக்கு வேறு ஒன்றும் பட்டது. அடிப்படையில் நடந்தது என்ன? ஒரு வாசகர் இன்னொரு வாசகரைப் பார்த்து, நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பதிலை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு தன்னிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியை எடுத்துக் கையில் கொடுத்தார். முதலியார் தமிழ் வாத்தியார் இல்லை, புலவர் பட்டமும் இல்லை. கோர்ட்டு வேலைக்கு நடுவே படித்துக்கொண்டிருந்த மனிதர். தான் ஆசைப்பட்ட புத்தகத்தைச் சேர்ந்து படிக்க ஒரு துணை தேடிக்கொண்டிருந்தார்.

இருவரும் சேர்ந்துதான் படிக்கிறார்கள். விளங்காத இடங்கள் ஏராளம். ஜைன மதக் கருத்துகள் புரியாமல், கும்பகோணத்தில் இருந்த ஜைனர்களிடமே போய்ச் சந்தேகம் கேட்கிறார் ஐயர். சைவ மடத்தில் படித்து வந்தவர், வேறு சமயத்தவர் வீட்டில் உட்கார்ந்து பாடம் கேட்கிறார். 1887-ல் சீவகசிந்தாமணி அச்சாகிறது. அப்புறம் 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. இத்தனைக்கும் முன்னால் நிற்பது, என்ன படித்திருக்கிறீர்கள் என்ற விசாரிப்பு.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. அடுக்களையில் இருந்த அத்தையிடம் சொன்னேன். “கேட்ட மனுசனுக்குத்தான் முதல்ல மாலை போடணும்” என்றார்.

சனி

மாடி வீட்டில் குடியிருக்கும் அம்மாவுக்கு மார்த்தாண்டம் பக்கம். புத்தகம் படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை, பைபிள் மட்டும் தினமும். ‘புத்தம் வீடு’ அவருடைய நாட்டுப் பேச்சில் இருக்கிறதே என்று சாயங்காலம் எடுத்துக்கொண்டு போய், சில பக்கங்களை உரக்கப் படித்தேன். கைவேலையை அப்படியே நிறுத்திவிட்டார்.

1964-ல் வந்த நாவல். பர்மாவில் பிறந்து, ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஒரு பெண்ணின் முதல் நாவல் என்றால் நம்பவே முடியாது. அவ்வளவு மண் ஒட்டிக் கிடக்கிறது அதில். பனங்காட்டுக்கு நடுவே ஒரு பழைய வீடு. செல்வம் கரைந்து பெருமை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதில் லிஸி என்று ஒரு சிறுமி. வயது வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோகிறது. வாசல்படி வரைதான் அவள் உலகம். பனையேறியின் மகன் தங்கராஜ் மேல் அவளுக்கு ஏற்படும் அன்பைச் சத்தமே இல்லாமல் சொல்லிப் போகிறார் ஆசிரியர். சாதி ஒன்றுதான், போய்த் தொழும் கோயிலும் ஒன்றுதான். ஆனாலும் பனை வைத்திருக்கிற வீட்டுக்கும் பனை ஏறுகிற வீட்டுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய மதில்!

“எங்க அப்பா பனையேறியாக்கும்” என்றார் அந்த அம்மா. இத்தனை வருடப் பழக்கத்தில் இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு சொல்லிக்கொண்டே இருந்தார். இருட்டோடு எழுந்து போய்விடுவாராம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஒவ்வொரு மரமாக ஏறி இறங்க வேண்டும். பாளையின் நுனியைச் சீவிவிடாவிட்டால் சுரப்பு நின்றுபோகும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால்தான் அக்கானி, அதாவது பதநீர், புளிக்காது. அப்பா இறக்கிவந்ததை அம்மா விடிலிக் குடிசையில் அடுப்பேற்றிக் காய்ச்சுவார். பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. தீ கொஞ்சம் கூடினாலும் போச்சு. “எங்க அப்பாக்க நெஞ்சைத் தொட்டுப் பாத்தா அந்த மரப்பட்டை மாதிரியே இருக்கும் மக்ளே. ஞாயித்துக்கெழம வெள்ளைச் சட்டை போட்டுக் கோயிலுக்கு வருவாவ. பின்வரிசையிலதான் நிப்பாவ.”

நான் தனியாகப் படித்திருந்தால் இந்தப் பின்வரிசை எனக்குத் தெரிந்திருக்காது. லிஸி வீட்டார் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை நாவல் சொல்கிறது. எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களின் உடம்பு எப்படி இருந்தது என்று இவர் சொன்னார். நாளையிலிருந்து தினமும் கொஞ்சம் வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். முடிவு என்ன என்று கேட்டார். சொல்லவில்லை.

ஞாயிறு

புயல் பகுதியை இன்று படித்தேன். ஒரே மூச்சில். தமிழில் கடலை இப்படி எழுதிக் காட்டிய இன்னொரு நாவலை நான் படித்ததில்லை.

காலையில் ‘என் சரித்திரம்’ முன்னுரையில் ஐயரின் கடைசிக் காலத்தைப் பார்த்தேன். மத்தியானம் சிங்காரத்துக்குத் திரும்பியபோது சட்டென்று ஒன்று பிடிபட்டது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் வட சுமத்ராவில் இறங்குகிறார்கள். மெடான் தெருவில் அவர்கள் வந்து நிற்பதில்தான் சிங்காரத்தின் நாவல் தொடங்குகிறது. ஏப்ரல் தொடக்கத்தில் கொழும்பு மேலும் விசாகப்பட்டினம் மேலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போடுகின்றன. சென்னையில் பீதி. ஊர் காலியாகிறது. அந்த நேரத்தில்தான் சாமிநாதையர் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் போகிறார். ஏப்ரல் 28-ல் அங்கேயே காலமாகிறார். 122 அத்தியாயங்களோடு சுயசரிதம் நின்றுவிடுகிறது. 1950-ல்தான் அது புத்தகமாகிறது.

சிங்காரம் மெடானில் நேரில் பார்த்த போரும், ஐயரைக் கடைசி நாட்களில் வீட்டைவிட்டுக் கிளப்பிய போரும் ஒன்றுதான். ஒருவர் இருபத்தொரு வயது இளைஞர், மற்றவர் எண்பத்தேழு வயதுக் கிழவர். இரண்டு புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததால் இது தெரிந்தது.

இன்னொன்றும் உண்டு. சிங்காரத்தின் நாவலில் பாண்டியனும் அவன் நண்பன் மாணிக்கமும் கடல்கடந்த ஊரில் உட்கார்ந்து தமிழைப் பற்றியும் சிலப்பதிகாரத்தைப் பற்றியும் விடிய விடிய வாதாடுகிறார்கள், பழம்பெருமை பேசுவோரைக் கிழிக்கிறார்கள். 1880-ல் ஒரு காலேஜ் தமிழாசிரியரே பார்த்திராத காப்பியம், அறுபது வருடத்தில் வட்டிக்கடைப் பையன்களின் வாயில் சண்டைப்பொருளாகிவிட்டது. சிங்காரம் அதைக் கேலியாக எழுதியிருக்கலாம். எனக்கு அந்தப் பக்கங்கள் ஐயரின் உழைப்புக்குக் கிடைத்த கூலியாகவே படுகின்றன.

புதன்

ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது எல்லாரிடமும் கேட்டேன், இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று. ஒருத்தி பொன்னியின் செல்வன் ஐந்தாம் பாகத்தில் இருக்கிறாள். படம் பார்த்த பிறகு ஆரம்பித்தாளாம். இன்னொருவர் மகளுக்காக ராத்திரியில் கதைப்புத்தகம் வாசிக்கிறார். கடைசி மேஜைக்காரர், யாரிடமும் அதிகம் பேசாதவர், கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ மூன்றாவது தடவை என்றார். சாப்பாட்டு நேரம் முடிந்தும் அவர் பேச்சு முடியவில்லை. நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்றிருக்கிறார். பஸ்ஸுக்கு அடுத்த புத்தகம் அதுதான்.

‘புத்தம் வீடு’ நேற்று முடிந்தது. மூன்றில் எதை முதலில் படிக்கலாம் என்று யாராவது என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன். சின்ன நாவல், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ‘புயலிலே ஒரு தோணி’க்கு முதல் ஐம்பது பக்கம் பொறுமை வேண்டும். ‘என் சரித்திர’த்தை அவசரப்படாமல், விகடனில் வந்த மாதிரி வாரம் ஓர் அத்தியாயமாகக்கூடப் படிக்கலாம். மூன்றும் மதுரைப் புத்தகக் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கினால், முடித்த பிறகு அலமாரியில் பூட்டிவிடாமல் இன்னொருவர் கையில் கொடுங்கள். கொடுக்கும்போது அவர் என்ன படித்துக்கொண்டிருக்கிறார் என்றும் கேளுங்கள்.