வாவிக்கரை வழியே – 4: தயிர்ச் சட்டி

சென்ற வாரம் கல்லடியில் நிறுத்தியிருந்தேன். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தையும், 2013இல் அதற்குப் பக்கத்தில் வந்த புதிய பாலத்தையும் பார்த்துவிட்டுக் கல்முனை பஸ் ஏறினேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் ஒடுங்கிய நிலத்தில் வரிசையாக ஊர்கள். களுவாஞ்சிக்குடியில் இறங்கும்போது சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். படம் பத்திரமாக இருந்தது.

உள்ளங்கையளவு கறுப்பு வெள்ளைப் படம். 1978 நவம்பர் 23 சூறாவளி கூரையைத் தூக்கிய இரவில் நனைந்து, ஒரு மூலை பழுத்துப்போனது. படத்தில் ஒரு பாதை. வாவியில் ஆளையும் சைக்கிளையும் கரைக்குக் கரை ஏற்றிப்போகும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அதில் அம்மம்மா, அம்மா, அம்மாவின் மடியில் நான். படமெடுத்த அப்பாவின் நிழல் மட்டும் பலகையில் நீண்டு கிடக்கிறது.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கும் மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்குப் போகும்போது எடுத்தது என்பார்கள் வீட்டில். சின்னக் கதிர்காமம் என்று பேர்பெற்ற கோயில். அங்கே வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, திரைக்கு உள்ளே பூசை நடக்கும். அம்மாவின் முகம் ஏன் அப்படி வாடியிருக்கிறது என்று மட்டும் எனக்கு விளங்கியதில்லை. தண்ணீர்ப் பயமாக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஓட்டோவில் குருமண்வெளித் துறைக்குப் போனேன். மண்முனையில் 2014இல் பாலம் வந்துவிட்டது. இங்கே இன்னமும் பாதைதான், இயந்திரம் பூட்டியது. வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் படத்தைக் கொடுத்தேன். எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது போகக்க எடுத்ததில்ல தம்பி. கிறுகி வரக்க எடுத்தது."

"எப்படிச் சொல்றீங்க ஐயா?"

"கிழவிட காலடியப் பாருங்க. தயிர்ச் சட்டி. எருமத் தயிர் படுவான்கரையில இருந்துதான் இஞ்சால வரும். ஆராவது இங்க இருந்து அங்க கொண்டு போவாங்களா?"

வாங்கிப் பார்த்தேன். இத்தனை வருடம் கோயிலுக்குக் கொண்டுபோகும் செம்பென்று நினைத்த கறுப்பு உருண்டையின் கழுத்தில் கயிறு சுற்றியிருந்தது. வாயை இலை மூடியிருந்தது. அம்மாவின் நெற்றியில் திருநீறு பாதி அழிந்திருந்தது. பயமும் இல்லை, ஒன்றும் இல்லை. இரவெல்லாம் கோயில் வீதியில் என்னைத் தூக்கிக்கொண்டு நின்ற அலுப்பு.

பாதையில் மண்டூர் போய்க் கும்பிட்டேன். ஒரு சட்டி தயிரும் வாங்கினேன். திரும்பும்போது படுவான்கரையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டியைக் காலடியில் வைத்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தேன். பலகையில் என் நிழலும் அதில் விழுந்திருந்தது.

(பயணம் தொடரும்)